கொம்பையாவை ஏன் உட்கார வைத்தார்கள்?

கருமலை நாட்டு மகாராஜா வீரகேசரிக்கு ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் ரத்தம் கொதிக்கும். பக்கத்து நாடான புன்னைக்காட்டுடன் சடுகுடுப் போட்டி நடக்கும் நாள் அது. ஜெயித்தவர்களின் வயலுக்குத்தான் எல்லை ஏரியின் தண்ணீர் முதலில் பாயும். மூன்று வருஷமாகக் கருமலைக்குக் கிடைத்தது சேறுதான்.

இந்த வருஷமும் பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டபோது கருமலை படுமோசமாகப் பின்தங்கியிருந்தது. மகாராஜா மேடையில் கொதித்துக்கொண்டிருந்தார்.

"நம் நாட்டிலேயே பாடிப் போகிறதில் கெட்டிக்காரன் கொம்பையா. அவன் வெளியே உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறான்! உள்ளே ஆறு தடியன்கள் மகாராணியின் தம்பி பூபாலனைச் சுற்றிச் சுவர் மாதிரி நிற்கிறார்கள். அந்த மருதையனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா? தெய்வச்சிலை, போய்க் கேட்டு வா. காரணம் சரியில்லையென்றால் நாடு கடத்திவிடுகிறேன்!"

தெய்வச்சிலை அரண்மனை விகடகவி. ஓட்டமாகப் போய், அணியைப் பழக்கும் ஆசான் மருதையனைப் பிடித்தார்.

"என்ன ஆசானே, ஆட்டம் ஆடுகிறீர்களா, சுவர் கட்டுகிறீர்களா?"

மருதையன் தன் மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

'போட்டி தொடங்கியது முதல் முடியும் வரை பூபாலர் களத்தை விட்டு வெளியேறக் கூடாது. மீறினால் ஆசானின் தலை உருளும்.'

"மூன்று வருஷமாக இந்த ஓலைதான், ஐயா. எதிராளி தொட்டால் பூபாலர் வெளியே வரணும். அவர் வந்தால் என் தலை போகணும். அதனால் அகலமான ஆட்களாகப் பார்த்து அவரைச் சுற்றி நிறுத்தினேன். கொம்பையா நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் ஒல்லி! அவனை வைத்து எதை மறைக்க?"

தெய்வச்சிலை ஓலையை மறுபடி படித்தார். சிரித்தார்.

"களத்தில் இருக்கணும் என்றுதானே எழுதியிருக்கிறது? ஆடணும் என்று எங்கே இருக்கிறது?"

நேராகக் களத்துக்குள் போனார். இடைவேளையிலும் வெளியேறாமல், நடுக்களத்தில் குடை நிழலில் பூபாலர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சின்ன எஜமானே, கத்திக் கத்தி நடுவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிச்ச ஆட்டத்துக்கு நீங்கள்தான் நடுவராக இருக்க வேண்டும்."

"நான் சொன்னால் கேட்பார்களா?"

"நீங்கள் கையைத் தூக்கினால் இரண்டு நாடும் நிற்கும்!"

பூபாலர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

புன்னைக்காட்டார் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மூன்று வருஷமாக அவர்கள் ஜெயித்ததே பூபாலரால்தான். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

தடியன்களில் மூன்று பேர் வெளியே வந்தார்கள். கொம்பையா கடலைத் தோலை உதறிவிட்டு, வேறு மூன்று ஆட்டக்காரர்களோடு உள்ளே போனான். "சடுகுடு சடுகுடு" என்று ஒரே மூச்சில் பாடிப் போய், மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். பூபாலர் கையைத் தூக்கினார். அப்புறம் தூக்கிய கையை இறக்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. கடைசிப் பாட்டில் கருமலை ஜெயித்தது. குடியானவர்கள் துண்டை வீசிக் கூத்தாடினார்கள்.

மகாராஜா ஆசனத்தை விட்டு எழாமலே தொடையைத் தட்டினார். "தெய்வச்சிலை! இத்தனை நாள் இதை ஏன் ஆசான் செய்யவில்லை?"

தெய்வச்சிலை ஓலையை வாசித்துக் காட்டினார்.

மகாராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்படி ஓர் உத்தரவா? எந்த மடையன் போட்டான்? அவனை இப்போதே என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து!"

"நிறுத்துவது கஷ்டம், மகாராஜா."

"ஏன்?"

தெய்வச்சிலை ஓலையின் அடியிலிருந்த சிங்க முத்திரையைத் திருப்பிக் காட்டினார்.

"அவர் உட்கார்ந்திருக்கிறார்."

மகாராஜா முத்திரையைப் பார்த்தார். தன் விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைப் பார்த்தார். சாப்பிடும்போது மகாராணி நீட்டியதையெல்லாம் படிக்காமல் முத்திரை குத்தும் பழக்கம் அவருக்கு. வயிறு குலுங்கச் சிரித்தபடி கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தெய்வச்சிலைக்குப் போட்டார். மோதிரத்தைக் கழற்றி மருதையன் கையில் கொடுத்தார்.

"அடுத்த போட்டி முடியும்வரை இது உம்மிடமே இருக்கட்டும், ஆசானே!"