பூனை நட்ட குச்சி

அந்தக் காலத்தில் பூனை வெளிக்குப் போவதென்றால் நினைத்த இடத்தில் போய்விட்டு வரும். மூடுவது, மறைப்பது எல்லாம் அதற்குத் தெரியாது. பூனைக்கும் பேச்சு இருந்தது, மீனுக்கும் பேச்சு இருந்தது. ஒருவர்மேல் ஒருவருக்குக் குறை இருந்தால் நேரில் வந்து சொல்லிவிடுவார்கள். மனதில் வைத்துக்கொண்டு பொருமுகிற வழக்கம் இன்னும் வந்திருக்கவில்லை.

கடலுக்கு இந்தப் பக்கம் உப்புத்தண்ணீர் தேங்குகிற ஒரு கழி. கழிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் ஒரு வாய் திறந்திருந்தது. ஏற்றத்தின்போது கடல் அதன் வழியாக உள்ளே வரும். வற்றத்தின்போது கழித்தண்ணீர் வெளியே போகும். அந்தக் கரையில் காத்தாயியின் குடிசை இருந்தது. அவள், புருஷன் எல்லப்பன், எல்லப்பனின் தங்கை அஞ்சலை, கூடையில் கிடக்கிற கைக்குழந்தை, அப்புறம் பூனை. அவ்வளவுதான் குடும்பம்.

மீன் பிடிக்கப் போவதென்றால் குடிசையைச் சாத்திவிட்டு எல்லாரும் போவார்கள். அவர்களிடம் ஓலைக் கயிறு என்று ஒன்று இருந்தது. நீளமான கயிற்றில் சாண் இடைவெளியில் பனை ஓலைக் கீற்றுகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும். ஒரு முனையை எல்லப்பனும் மறு முனையை அஞ்சலையும் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மெல்ல நடந்து வருவார்கள். தண்ணீருக்குள் ஓலைகள் மினுங்கும். மடவை மீன்களுக்கு அது ஒரு சுவர் நகர்ந்து வருவதுபோலத் தெரியும். பயந்து முன்னால் ஓடும். ஓடுகிற வழி குறுகிக்கொண்டே வந்து ஒரு மணல்மேட்டின் அருகே முடியும். அங்கே வலையை விரித்துப் பிடித்தபடி காத்தாயி நிற்பாள்.

கூட்டம் வந்து சேருவதற்கு முன்னால் ஒரு மீன் மட்டும் அவள் முழங்காலில் வந்து மோதும். எப்போதும் அப்படித்தான். அதற்குப் பிறகு தண்ணீரே கொதிப்பதுபோல இருக்கும். அந்த முதல் மோதலுக்காகக் காத்தாயி விடியலில் எழுந்து எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சுவாள், கூடையைச் சுமப்பாள், வெயிலில் நிற்பாள். கேட்டால், மீனுக்காக என்றுதான் சொல்வாள்.

அவள் தண்ணீரில் நிற்கிற நேரமெல்லாம் குழந்தைக்குப் பூனைதான் காவல். மேட்டில் நண்டுகள் அதிகம், மேலே பருந்துகள். பூனை கூடையின் ஓரத்தில் உட்கார்ந்து நண்டை அறையும், பருந்தைப் பார்த்துச் சீறும். குழந்தை வாலைப் பிடித்து இழுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளும்.

பூனையிடம் குறை ஒன்றுதான். ஒருமுறை மடித்து வைத்த வலைமேலேயே போய்விட்டது. எல்லப்பன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு துரத்தினான். காத்தாயிதான் நடுவில் புகுந்து, “இந்தா பாரு, இனிமே கரையில வேணாம். தண்ணியில போயிடு. தண்ணி எல்லாத்தையும் கொண்டுபோயிடும்” என்று சொல்லிக்கொடுத்தாள்.

அது அவள் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. மீன் குடலையும் உடைந்த சட்டியையும் அவர்கள் தண்ணீரில்தான் போடுவார்கள். வற்றத்தில் போட்டால் ஏற்றத்தில் அது இருக்காது. பூனைக்கும் அன்றைக்குத் தண்ணீர் என்றால் கூச்சம் கிடையாது. கணுக்கால் அளவில் வாலைத் தூக்கிக்கொண்டு நின்று, வேலை முடிந்ததும் நடந்து வந்துவிடும்.

அந்த வருஷக் கோடையில் மணல் ஒதுங்கி ஒதுங்கிக் கழியின் வாய் அடைந்துபோயிற்று. தண்ணீர் வருவதுமில்லை, போவதுமில்லை. அப்படியே நின்றது. வழக்கம்போல எல்லாரும் மேட்டுக்கு வந்தார்கள். காத்தாயி கரையோரமாகத் தூண்டில் போட்டுக் கொஞ்சம் கிழங்கான் மீன் பிடித்தாள். மத்தியானச் சோற்றுக்கு ஆகும். வெயிலில் கெடாமல் இருக்க அதைப் பாசியில் சுற்றி, ஈர மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்துப் புதைத்தாள். மேலே ஒரு புன்னைக் குச்சியை நட்டு வைத்தாள். அந்தக் கரைக்காரர்கள் மீனைப் புதைத்தால் குச்சி நடாமல் நகர மாட்டார்கள். இல்லாவிட்டால் அவரவர் புதைத்ததை அவரவரே தேட வேண்டியிருக்கும்.

பிறகு ஓலைக் கயிற்றை இறக்கினார்கள். கயிறு கழி முழுக்க வந்தது. காத்தாயி குனிந்து நின்றாள். முழங்காலில் எதுவும் மோதவில்லை. கயிறு வலை வரைக்கும் வந்து முட்டியும், உள்ளே ஓலையைத் தவிர ஒன்றுமில்லை.

அப்போது கொஞ்சம் தள்ளி ஒரு கிழட்டு மடவை தலையைத் தூக்கியது.

“என்ன பெரியவரே, கூட்டத்தையே காணோம்?” என்றான் எல்லப்பன்.

“வரமாட்டாங்க.”

“ஓலைமேல பயம் விட்டுப்போச்சா?”

“பயமெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஓலையைப் பார்த்தா ஓடறோம். ஓடினா உன் பொண்டாட்டி வலையில விழறோம். அது எங்க பாடு. அதைப் பத்தி என்னைக்காவது உங்கிட்ட வந்து நின்னோமா? ஆனா இந்த மேட்டுப் பக்கம் தண்ணி நாறுது. எல்லாம் உன் பூனை பண்ற வேலை. சாகணும்னா சாகறோம் எல்லப்பா. இதைக் குடிச்சுக்கிட்டா சாகணும்?”

சொல்லிவிட்டு மடவை முழுகிவிட்டது.

எல்லப்பன் கரையேறி வந்து பூனையைப் பார்த்தான். பூனை வேறு எங்கோ பார்த்தது.

“சாயங்காலம் திரும்பறப்ப இதைத் தாழங்காட்டுல விட்டுட்டு வந்துடறேன்” என்றான்.

“குழந்தையை யாரு பார்த்துக்கறது?” என்றாள் காத்தாயி.

“நீதான். கரையில உட்காரு. வலையை அஞ்சலை பிடிக்கட்டும். கயித்தோட அந்த முனையை ஒரு கம்புல கட்டிக்கலாம்.”

“எனக்கு வராதுண்ணே” என்றாள் அஞ்சலை. “அண்ணி நிக்கிற இடத்துல நான் நின்னா, மீனெல்லாம் என் காலுக்கு நடுவுல பூந்து ஊர்வலம் போயிடும்.”

“பழகிக்கோ.”

குழந்தை வளர்ந்து நடக்கிற வரைக்கும் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காத்தாயி நினைத்துப் பார்த்தாள். நடக்கிற நேரத்தில் இன்னொன்று பிறந்துவிடும். அவள் வலையைப் பிழிந்து காயப் போட்டாள். அதை எப்போதையும்விட நேராகப் போட்டாள்.

பூனை அவள் பக்கத்தில் வந்து நின்றது.

“தண்ணியில போகச் சொன்னது யாரு?” என்றது.

“நான்தான்.”

“அப்ப உன்னையும் தாழங்காட்டுல விடுவாங்களா?”

“என்னை இங்கயே, இந்த மணல்ல விடறாங்க. போதுமா?”

பூனை கொஞ்ச நேரம் கால் நகத்தை நக்கிக்கொண்டிருந்தது. “காத்தாயி, நீ கிழங்கான் பிடிச்சியே, அதை எங்க வெச்ச?”

“எதுக்கு, திருடறதுக்கா?”

“இல்லை. காலையிலேர்ந்து இந்த மேடு முழுக்கச் சுத்திட்டேன். வாசனையே வரலை. எனக்கே வரலை.”

“மணல்ல புதைச்சா வராது” என்று சொல்லிவிட்டுக் காத்தாயி அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு சுள்ளி பொறுக்கப் போனாள். எல்லப்பன் குழந்தைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றுச் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான். பூனை அவனைத் தாண்டி மேட்டுக்குப் பின்னால் போயிற்று. வெகுநேரம் கழித்து வந்து கூடை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.

சுள்ளியோடு அவர்கள் திரும்பியபோது எல்லப்பனுக்குப் பசி தாங்கவில்லை. “மீன் எங்க வெச்ச?” என்றான்.

“மேட்டுக்குப் பின்னால. குச்சி நட்டிருக்கேன் பாரு.”

அவன் போனான். குச்சி இருந்தது. மண்டி போட்டு, மணலைக் கையால் விலக்கினான். புதைத்த மீனைக் கையால்தான் எடுக்க வேண்டும், கட்டையால் கிளறினால் சிதைந்துவிடும். கையை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினான்.

“காத்தாயி!” என்றான் அங்கிருந்தே. “கிழங்கான் ஏன் இவ்வளவு மெத்துமெத்துன்னு இருக்கு?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் குனிந்திருந்த இடத்துக்கு நாலு முழம் தள்ளி இன்னொரு குச்சி நின்றுகொண்டிருந்தது. அதுதான் அவள் நட்டது.

அதற்குள் எல்லப்பன் கையை வெளியே எடுத்துவிட்டான்.

அஞ்சலை கையிலிருந்த சுள்ளியைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தவளுக்குச் சத்தமே வரவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. எல்லப்பன் கையை உடம்பிலிருந்து எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு கழியைப் பார்த்து ஓடினான்.

“யோவ், தண்ணியில வைக்காதே!” என்று கத்தினாள் காத்தாயி. “பெரியவரு பார்த்துக்கிட்டிருக்காரு!”

உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. எல்லப்பன் விளிம்பில் அப்படியே நின்றான்.

“அப்ப நான் இதை என்ன பண்றது?”

“மணலைப் போட்டுத் தேய். சாம்பல் எடுத்துட்டு வரேன்.”

மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான். அஞ்சலை விக்கலுக்கு நடுவே சிரட்டையில் ஊற்றுத் தண்ணீர் மொண்டு வந்து, கழியிலிருந்து எட்ட ஓர் இடத்தில் ஊற்றினாள். கை சுத்தமானதும் அவன் பூனையைத் தேடினான்.

பூனை ஓடவில்லை. “குச்சி நட்டது தப்பா?” என்று கேட்டது. “புதைச்சா நீங்க எல்லாரும் நடறீங்க. நட்டாதான் வேலை முடிஞ்ச மாதிரின்னு நினைச்சேன். நல்ல குச்சியாத் தேடிக் கொண்டாந்தேன்.”

எல்லப்பன் வாயைத் திறப்பதற்குள் காத்தாயி அவன் பக்கம் திரும்பி முந்திக்கொண்டாள். “அதை விடு. நீ மூக்கு மண்ணுல படற மாதிரி குனிஞ்சு தோண்டினியே. நாத்தம் வந்துச்சா?”

“கேட்கிற கேள்வியைப் பாரு.”

“சொல்லுய்யா. கையை விடற வரைக்கும் வந்துச்சா?”

அவன் யோசித்தான். பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. “வரலை” என்றான்.

“பக்கத்துல மண்டி போட்டவனுக்கே வரலைன்னா, தண்ணிக்குள்ள இருக்கிறவங்களுக்கு எப்படி வரும்? பெரியவரே, நீங்களே சொல்லுங்க.”

மடவை பக்கத்தில் வந்தது. “பௌர்ணமிக்குக் கடல் பொங்கும். வாயை அடைச்ச மணல் உடைஞ்சு புதுத் தண்ணி வரும். அதுக்குப் பிறகும் இந்தப் பக்கம் நாறாம இருந்தா வரோம்” என்றது. பிறகு கொஞ்சம் சலிப்போடு, “வந்து என்ன, அவ வலையில விழத்தானே” என்றது.

“பௌர்ணமி வரைக்கும்தான்” என்றான் எல்லப்பன் பூனையிடம். “மீன் வரலைன்னா தாழங்காடுதான். வீட்டுல இருக்கிறதுன்னா ரெண்டு விஷயம். குச்சி கிச்சி நடக்கூடாது. மூடினப்புறம் நீயே மோந்து பார்க்கணும். உன் மூக்குக்கு வந்தா இன்னும் மண்ணு தள்ளு.”

“சரி. ஆனா நானும் ஒண்ணு சொல்லிடறேன்” என்றது பூனை. “நல்லதுன்னு சொன்னீங்க, தண்ணியில போனேன். அதுக்குத்தான் இந்தப் பேச்சு. இனிமே அந்தத் தண்ணியில நான் காலை நனைக்கமாட்டேன்.”

அந்த நாட்களில் பூனை கொஞ்சம் அதிகமாகவே கவனமாக இருந்தது. காத்தாயி குடிசை மூலையில் ஓர் உடைந்த சட்டியை வைத்து மணலும் அடுப்புச் சாம்பலும் நிரப்பிக் கொடுத்தாள். பூனை அதில் மூடி வைப்பதை எடுத்துப் போய்ப் பூசணிக்கொடியின் காலடியில் புதைத்துவிட்டு வேறு மணல் போடுவாள். பூனை மூடும், மோந்து பார்க்கும், மறுபடி மூடும். வாசனை வருகிற எதைக் கண்டாலும் அதற்குப் பயம். அஞ்சலை வைத்த முந்தின நாள் குழம்பைக்கூடத் தரையைப் பறண்டி மூடப் பார்த்தது.

“தின்ன இஷ்டமில்லைன்னா எழுந்து போ. என் குழம்பைப் புதைக்காதே” என்றாள் அஞ்சலை.

மீன் குடலையும் தண்ணீரில் போட வேண்டாம் என்று காத்தாயி சொல்லிவிட்டாள். அதுவும் பூசணிக்கே போயிற்று. யாரும் பார்க்காதபோது எல்லப்பனும் மூலைக்குப் போய்க் குனிந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு வந்தான்.

பௌர்ணமியன்று கடல் வாயை அடைத்திருந்த மணலின்மேல் ஏறி அதை உடைத்தது. பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் நிறைந்தது. அது தெளிந்ததும் எல்லாரும் கிளம்பினார்கள். காத்தாயி குழந்தையைக் கூடையோடு நிழலில் இறக்கினாள். பூனை உட்கார்ந்தது. அவள் தண்ணீருக்குள் போய்த் தன் இடத்தில் நின்றாள். இன்றைக்கு எதுவும் வராவிட்டால் இதுதான் கடைசி என்று அவளுக்குத் தெரியும். பாதத்தை மணலில் நன்றாகப் பதித்துக்கொண்டாள்.

கயிறு தூரத்தில் புறப்பட்டது. ஓலைகள் மினுங்கின. கழி சலனமில்லாமல் கிடந்தது. கயிறு பாதி வந்தது, பாதிக்கு மேலும் வந்தது. எல்லப்பனின் முகம் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டது. அவன் அவளைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

முழங்காலில் ஒன்று மோதியது.

“வருது!” என்று காத்தாயி கத்தியது கரையில் குழந்தையை எழுப்பிவிட்டது. அடுத்த நொடியில் வலை அவள் கையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. அஞ்சலை கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து வலையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். மூன்று பேரும் விழுந்து எழுந்து, சிரித்துக்கொண்டே இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

காத்தாயி வலைக்குள் கைவிட்டு முதலில் அகப்பட்ட மீனை எடுத்துப் பூனைக்கு எறிந்தாள். நல்ல கொழுத்த மடவை. எல்லப்பனே அழுகிற குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், கழிக்கரையில் மீன் பிடிக்கப் போகிற வீட்டார் வலையின் முதல் மீனைப் பூனைக்குப் போடுவது. அன்றைக்குத் தொடங்கியதுதான், பூனை மண்ணைத் தோண்டி மூடுவதும், மூடியபின் குனிந்து மோந்து பார்ப்பதும், யாராவது பசியோடு கையை விட வருகிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போவதும்.