போன ஆண்டைப் போலவே ஓர் ஆண்டறிக்கை

கொள்ளுக்காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. வளர்ந்துவரும் பல்கலைக்கழகம் என்று வாசலில் பலகையே வைத்திருக்கிறார்கள். பழைய அரிசி ஆலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வளர்ந்துவருகிறது. நெல் காயப்போட்ட களத்தில் பொருளாதாரமும் தவிட்டு அறையில் தத்துவமும் நடக்கின்றன.

பங்குனி வந்தால் அங்கே எல்லோருக்கும் ஒரே கவலை. ஆண்டறிக்கை தலைநகருக்குப் போனால்தான் மானியம் வரும். மானியம் வந்தால்தான் ஆய்வுக்கூடத்துக்குக் குழாய், நூலகத்துக்கு அலமாரி, மற்றவர்களுக்குச் சம்பளம்.

அறிக்கை எழுதுவது அலுவலகக் கண்காணிப்பாளர் தில்லைவனத்தின் வேலை. அந்த நாற்காலிக்கு வந்து அவருக்கு இது இரண்டாம் ஆண்டு. மேலிடத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் மூன்று முறை படிப்பார். மூன்று முறையும் நம்புவார்.

இந்த முறை கடிதம் இரண்டே வரி. ஆண்டறிக்கை கடந்த ஆண்டைப் போலவே இருக்க வேண்டும், மாறுதல் இருந்தால் மானியம் இல்லை. மார்ச் முப்பத்தொன்றுக்குள் அனுப்ப வேண்டும். பத்து நாள் இருந்தது.

துணைவேந்தர் வீரபாகு அவசரக் கூட்டம் போட்டார். பதிவாளர் ஞானசிகாமணியும் தேர்வு அதிகாரி மரியசூசையும் வந்தார்கள். குறிப்பெடுக்கத் தில்லைவனம் உட்கார்ந்தார்.

போன வருஷ அறிக்கையையே திரும்ப டைப் அடித்து அனுப்பிவிடலாம் என்றார் பதிவாளர். துணைவேந்தர் முகம் சுருங்கியது.

“போன வருஷம் நடந்ததை இந்த வருஷம் நடந்ததா எழுதினா அது பொய். பொய்க்குக் கீழே என் கையெழுத்து விழாது.”

மரியசூசை மெதுவாகச் சொன்னார்.

“நடத்திக் காட்டிட்டா பொய் இல்லையே சார்.”

இவ்வளவு எளிய வழி இத்தனை நாள் தோன்றாமல் போனதே என்று எல்லோரும் வெட்கப்பட்டார்கள். மறுநாளே வேலை தொடங்கியது.

போன ஆண்டு அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், சூறைக்காற்று வேதியியல் துறையின் ஓடுகளைப் பறித்தது என்று இருந்தது. காற்று வருமா என்று ஒரு பகல் முழுக்க வானத்தைப் பார்த்தார்கள். வரவில்லை. கூலிக்கு ஆள் வைத்து ஓடுகளை இறக்கினார்கள். காற்றில்லாமல் இறக்கினால் உண்மைக்குக் குறை என்பதால், ஒவ்வோர் ஓட்டையும் எடுக்கும்முன் பதிவாளர் ஏணியில் நின்று வாயால் ஊதினார். முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஓட்டில் அவருக்குத் தலை சுற்றியது. மீதியை மற்றோர் ஏணியிலிருந்து மரியசூசை ஊதினார்.

மூன்றாம் பக்கம், புதிதாக இரண்டு துறைகள் தொடங்கியதைச் சொன்னது. தத்துவமும் புள்ளியியலும்தான் அவை. ஏற்கெனவே தொடங்கியதை மறுபடி எப்படித் தொடங்குவது? காலையில் இரண்டையும் மூடினார்கள். மாணவர்கள் கட்டிப்பிடித்து அழுது பிரிந்தார்கள். மாலையில் ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். நடுவில் தூங்கிக்கொண்டிருந்த புள்ளியியல் பேராசிரியருக்கு இரண்டுமே தெரியாது.

ஐந்தாம் பக்கத்தில் ஓர் ஆடு நாற்பது விடைத்தாள்களைத் தின்றிருந்தது. அந்த ஆட்டைத் தேடிப் போனபோது, அது பிரியாணியாகி ஏழு மாதம் ஆகிறது என்றார் உரிமையாளர். அறிக்கையில் ‘ஓர் ஆடு’ என்றுதானே இருக்கிறது என்று வேறோர் ஆட்டைப் பிடித்துவந்தார்கள். அது முப்பத்தெட்டுத் தாள்களைத் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீதி இரண்டுக்கு மரியசூசையை ஆட்டின் கூடுதல் பொறுப்பில் நியமித்துத் துணைவேந்தர் ஆணையிட்டார். மரியசூசை கணக்குத் தாளை முதலில் மென்றார். தமிழ்த் தாள் கொஞ்சம் நீளம் என்றார்.

இப்படி வரிசையாகப் போய்க்கொண்டிருந்த தில்லைவனத்தின் விரல் ஏழாம் பக்கத்தில் நின்றது.

‘எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் பணியிலிருக்கும்போதே திடீர் அதிர்ச்சியால் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

காலமானவர் அவருக்குமுன் அதே நாற்காலியில் இருந்தவர். மானிய உத்தரவில் இருந்த பூஜ்யங்களைப் பார்த்துவிட்டு அப்படியே சாய்ந்தவர். பக்கத்தைக் கிழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று தில்லைவனத்துக்கு ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் பக்கங்களுக்கு எண் போட்டிருந்தது, அதுவும் அவர் கையாலேயே. வேறு வழியில்லாமல் அறிக்கையை எடுத்துக்கொண்டு துணைவேந்தர் அறைக்குப் போனார். போன வாரம்தான் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்திருந்தார். அதைப் போட்டுப் பார்க்காமலே போக வேண்டுமா என்பது வழியெல்லாம் அவரை உறுத்தியது.

துணைவேந்தர் படித்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தார்.

“தில்லைவனம், உங்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா முப்பத்தொண்ணுக்குள்ள முடியணும்.”

“வேற யாராவது முன்வந்தா…” என்று இழுத்தார் தில்லைவனம்.

“கண்காணிப்பாளர்னு தெளிவாப் போட்டிருக்கு,” என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த பதிவாளர். “நான் செத்தா அது மாறுதல். மானியம் போயிடும்.”

வேறு யாருக்காவது அந்தப் பதவியைக் கொடுக்கப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் அலுவலகத்தில் யாருமே பதவி உயர்வு கேட்கவில்லை.

“எனக்குப் பதினோரு நாள் லீவு பாக்கி இருக்கு சார். அதை எடுத்துக்கிட்டு, அப்புறமா…” என்றார் தில்லைவனம்.

“லீவில செத்தா ‘பணியிலிருக்கும்போதே’ன்னு எப்படி எழுதறது?” என்றார் பதிவாளர். லீவு மறுக்கப்பட்டது.

வீட்டில் சொன்னபோது மனைவி சங்கரவடிவு முறத்தை நிறுத்தவில்லை. போன தடவை பழைய கண்காணிப்பாளர் வீட்டு அம்மாவுக்கு அனுப்பிய மாலை வாடியிருந்தது, இந்தத் தடவை நல்ல கடையாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள் என்றாள்.

அதிர்ச்சி கொடுப்பதென்று முடிவானது. அதற்கும் கோப்பு வேண்டும். கோப்பை எழுத வேண்டியவர் கண்காணிப்பாளர். ‘மேற்படி கண்காணிப்பாளரை 27ஆம் தேதி காலை 11.15 மணிக்குத் திடுக்கிட வைக்கலாம். ஆணை வேண்டப்படுகிறது’ என்று தில்லைவனமே எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினார். அன்று பதினொன்று பத்துக்கு முகம் கழுவி, தேநீர் குடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்தார். பதிவாளர் பின்னால் வந்து பட்டாசு கொளுத்தினார். தில்லைவனம் கடிகாரத்தைப் பார்த்தார். ஞானசிகாமணிதான் அலறிக்கொண்டு விழுந்தார். பதிவாளர் விழுந்ததாகப் போன ஆண்டு அறிக்கையில் இல்லாததால், அவரை உடனே தூக்கி நிறுத்தினார்கள்.

வீடு எரிந்துவிட்டது என்று சொல்லிப் பார்க்கலாம் என்றார் மரியசூசை. எரியாமல் சொன்னால் பொய் என்றார் துணைவேந்தர். எரிக்கலாமா என்று கேட்டுவர ஆள் போனது. வாடகை வீடு, சொந்தக்காரரைக் கேளுங்கள் என்றாள் சங்கரவடிவு. பெயின்ட் அடித்துப் பத்து நாள்தான் ஆகிறது, இந்த மாதம் வேண்டாம் என்றார் சொந்தக்காரர்.

முப்பத்தொன்று வந்தது. தில்லைவனம் வழக்கம்போலப் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்த எல்லோருக்கும் சலிப்பாக இருந்தது.

“இந்த மனுஷனால நானூறு பேருக்குச் சம்பளம் நிக்குது,” என்றார் பதிவாளர்.

தில்லைவனத்துக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. மூச்சையாவது அடக்கிப் பார்க்கிறேன் என்றார். மூன்று நிமிடம் மூச்சில்லாவிட்டால் ஆள் இல்லை என்று விலங்கியல் துறை எழுத்தில் கொடுத்தது. மரியசூசை கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தில்லைவனம் கன்னம் உப்ப, கண் பிதுங்க, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பத்தெட்டு நொடியில் புஸ்ஸென்று விட்டுவிட்டார். “மன்னிக்கணும் சார்,” என்றார்.

துணைவேந்தர் தலையில் கை வைத்தார். ஆனால் மரியசூசை தாளில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மூணு நிமிஷத்துக்கு நூறு மார்க்குன்னா, நாற்பத்தெட்டு நொடிக்குக் கிட்டத்தட்ட இருபத்தாறே முக்கால் வருது. தாராளமாத் திருத்தினா இருபத்தேழு. பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. எட்டு மார்க் கருணை மதிப்பெண் போட விதியில் இடமிருக்கு சார்.”

“போட்டா?”

“செத்ததுல பாஸ்.”

துணைவேந்தர் எழுந்து மரியசூசையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிற்பகல் முடிவு ஒட்டப்பட்டது. மாலையில் இரங்கல் கூட்டம். தில்லைவனம் நல்ல கடை மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். நன்றியுரைக்கு ஆள் கிடைக்காததால் அதையும் அவரே சொன்னார். அறிக்கை அன்றே தபாலில் போனது.

வைகாசியில் மானியம் வந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. அறிக்கை கடந்த ஆண்டைப் போலவே இருப்பது பாராட்டத்தக்கது; ஆனால் இப்படியே இருந்தால் பல்கலைக்கழகம் வளர்கிறது என்று எப்படிச் சொல்வது? அடுத்த ஆண்டு அறிக்கையில் எல்லா இனங்களிலும் இருமடங்கு காட்ட வேண்டும்.

அவசரக் கூட்டம் கூடியது. ஓடுகள் இருமடங்கு என்றதும் பதிவாளர் மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டார். விடைத்தாள் எண்பது என்றதும் மரியசூசை வயிற்றைத் தடவினார். ஏழாம் பக்கம் வந்ததும் எல்லோரும் தில்லைவனத்தைப் பார்த்தார்கள். ஒருவரையே இரண்டாக எண்ண முடியாது என்றும், இன்னொரு கண்காணிப்பாளர் பணியிடம் உடனே தேவை என்றும் தீர்மானம் நிறைவேறியது.

தகுதியான ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று துணைவேந்தர் கேட்டார். தில்லைவனத்தின் முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத வெளிச்சம் வந்தது. சங்கரவடிவின் தம்பி நம்பிராசன் நான்கு ஆண்டுகளாக அவர் வீட்டில்தான் இருக்கிறான். உலுக்கினாலும் அசையாமல் தூங்குவான்; விழித்தால் கட்டிலில் படுத்தபடியே காபியில் சர்க்கரை போதவில்லை என்பான். தில்லைவனம் அன்றைக்கே விண்ணப்பத்தை வாங்கி, மைத்துனனுக்காகத் தாமே முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பினார். பெயர், வயது, படிப்பு, உடல்நலம் எல்லாம் சரியாக வந்தது.

‘பணி தொடர்பான முன் அனுபவம்’ என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. மரியசூசை அளந்த அந்த மூச்சை நினைத்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, பொய் கலக்காமல் எழுதினார்:

‘முழுமையாக இல்லை. தினமும் பகல் பன்னிரண்டு மணிவரை உண்டு.’