வாசலில் செருப்பு இல்லாத வீடு

நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊரில் தெய்வநாயகமும் சௌந்தரவல்லியும் குடித்தனம் நடத்தி வந்தார்கள். சொந்த ஊர் கோவில்பட்டி. இரண்டு பேரும் ரொம்ப நல்லவர்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

வல்லிக்கு ஒரே ஒரு ஆசை. சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பனி மேல் ஒரு தடவையாவது கால் வைத்துவிட வேண்டும். அவள் பிறந்து வளர்ந்த ஊர் வெயில் அப்படி. அதற்காகவே ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி, அட்டைப்பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள கேம்பர் வேன் ஒன்றையும் வாடகைக்கு எடுத்தார்கள்.

சாவியைக் கொடுத்த ஆள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதை வண்டின்னு நினைக்காதீங்க, உங்க வீடுன்னு நினைச்சுக்கங்க" என்று அவர் பாஷையில் சொல்லிவிட்டார்.

"கேட்டியா?" என்றார் தெய்வநாயகம்.

வல்லி கேட்டுக்கொண்டாள். வண்டி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். இருவரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்கள். வல்லி பால் காய்ச்சினாள். அடுப்புக்கு மேலே முருகன் படத்தை மாட்டினாள். பிறகு வண்டி கிளம்பியது.

பெல்ஜியத்தில் இறங்கிப் பார்த்தால் வாசலில் செருப்பைக் காணோம்.

"திருட்டுப் பயலுக" என்றார் தெய்வநாயகம். "கோயில் வாசல்லதான் செருப்பு போகும். இங்க வீட்டு வாசல்லயே போகுது."

அன்றைக்கு ஒரு கோட்டையைப் பார்க்கப் போகும்போது வல்லி முறைப்படி வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். பக்கத்து வீடு என்பது பக்கத்தில் நின்ற வேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீடே இல்லை. ரொட்டி வாங்கப் போயிருந்த அந்த வீடு பொழுது சாயும்போதுதான் வந்து சேர்ந்தது. "ஒரு வார்த்தை சொல்லாம வீட்டைக் காலி பண்றவங்க நல்ல குடும்பமா இருக்க மாட்டாங்க" என்று வல்லி அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

லக்சம்பர்க்குக்கு முன்னால் அவருடைய ஆபீஸ் ஷூவும் அவளுடைய நல்ல செருப்பும் போயின. பிரான்சில் குளியலறை ரப்பர் செருப்பும் போனது. தெருவை மிதித்த செருப்பை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. வெளியே விட்டால் கிளம்பியதும் காணாமல் போகிறது. ஒரே திருடன்தான் நாடு நாடாகப் பின்னாலேயே வருகிறான் என்று தெய்வநாயகம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

சுவிட்சர்லாந்தில் மலை அடிவாரம் வரைக்கும் வந்தாயிற்று. மிச்சம் இருந்தது பூட்ஸ் மட்டும்தான். பெட்டியைப் பிரித்துப் போட்டு, வேன்கள் தங்கும் முகாமைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்கள். மறுநாள் காலையில் பனிக்குக் கிளம்பி பெட்ரோல் பங்கில் இறங்கினால், வெறுங்கால்.

வல்லிக்கு அழுகை வந்துவிட்டது. "இவ்வளவு தூரம் வந்தும் எனக்குக் கொடுத்து வைக்கலையே!"

நல்லவேளை, அவர் கைலி முகாமில் கொடியிலேயே காய்ந்துகொண்டிருந்த ஞாபகம் வந்தது. திரும்பிப் போனார்கள். போனால், நாலு பூட்ஸும் விட்ட இடத்தில் அப்படியே நிற்கின்றன. தெய்வநாயகம் பூட்ஸையும் பார்த்தார், வேனையும் பார்த்தார்.

"வல்லி, செருப்பு எங்கயும் போகலை."

"பின்னே?"

"வீடுதான் போகுது."

"ஐயையோ! யாருங்க கொண்டு போறது?"

"நான்தான்."

வல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த வீட்டுல உங்களுக்கு நான் என்னங்க குறை வச்சேன்?"

சமாதானம் ஆனபிறகு ஆலோசனை நடந்தது.

"உள்ள எடுத்து வச்சுக்கலாமா?"

"முருகன் பார்த்துட்டு இருக்கார்."

"கூரை மேல கட்டலாம்."

"தலைக்கு மேல செருப்பா? நல்லாருக்கு போங்க!"

கடைசியில் வழி பிறந்தது. வீடு கிளம்பும்போது செருப்புக்கு ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும். அவளுக்கு ஓட்டத் தெரியாது என்பதால் காவல் வல்லிக்கு வந்தது. "கண்ணை எடுத்துடாதே" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வல்லி தன் பூட்ஸை மாட்டிக்கொண்டு, அவருடையதை எதிரே வைத்துக் கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு திருடனும் வரவில்லை. அவரும் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெறுங்காலோடு போன மனுஷன். போன் பண்ணலாம் என்றால், வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார்.

ஒருவழியாக வேன் வந்து நின்றது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன, அவர்கள் வீடேதான். வல்லி ஓடிப்போய் வாசலைப் பார்த்தாள். உடனே போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"பனி வரைக்கும் போயிட்டேன் வல்லி. இறங்குன்னு சொல்லித் திரும்பினா உன்னைக் காணோம். அப்படியே வந்துட்டேன். வீட்டுலதான் இருக்கேன்."

"பொய் சொல்லாதீங்க. நான் வாசல்லதான் நிக்கிறேன். உங்க செருப்பே இல்லை."

ஜன்னல் திரை விலகியது. தெய்வநாயகம் எட்டிப் பார்த்தார். வாசல் வெறிச்சென்று கிடந்தது.

"ஆமா வல்லி" என்றார். "அப்ப நான் எங்க இருக்கேன்?"

"பதறாதீங்க. கடைசியா உங்களை எங்க பார்த்தீங்க?"

"பனிக்கிட்ட."

"அங்கதான் இருப்பீங்க. நான் போய்ப் பார்க்கிறேன்."

அவர் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வல்லி மலைப்பாதையில் ஏறினாள். பெண்டாட்டியைத் தனியாக அனுப்ப மனசு வராமல் தெய்வநாயகம் வீட்டை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். அவருக்குப் பின்னால் அந்த ஊர் கார்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன.

புருஷன் பேரைச் சொல்லிப் பழக்கமில்லாததால் வளைவுக்கு வளைவு நின்று, "என்னங்க! என்னங்க!" என்று கூப்பிட்டாள்.

"என்ன வல்லி?" என்றார் தெய்வநாயகம் பின்னாலிருந்து.

"நீங்க சும்மா இருங்க. நான் அவரைக் கூப்பிடுறேன்."

கடைசி வளைவில் வெள்ளை வெளேரென்று பனி. வல்லி கால் வைத்தாள். கணுக்கால் வரை புதைந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"என்னங்க! பனி கிடைச்சிருச்சு! நீங்கதான் இன்னும் கிடைக்கலை!"

தெய்வநாயகம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"நல்லாத் தேடு வல்லி. வெறுங்காலோட ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டேன்."