முட்டைக்கோஸுக்குள் என்ன இருந்தது

அந்தக் காலத்தில் காய்களுக்கெல்லாம் வாய் இருந்தது. சம்மதம் கேட்காமல் யாரும் எதையும் அரியமாட்டார்கள். கத்தரிக்காய் கேட்டவுடனே சரி என்றுவிடும். பாகற்காய் நாலு நாள் இழுத்தடிக்கும். முட்டைக்கோஸ் மட்டும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அதனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. முத்து இருக்கிறது என்றார்கள் சிலர். இல்லை, குருவிக்குஞ்சு ஒன்று தூங்குகிறது என்றார்கள் வேறு சிலர்.

ஒரு மலையூரில் மாசி என்று ஒருத்தி இருந்தாள். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் அடுப்படி மூலையில் ஒரு முட்டைக்கோஸ் வாசம் செய்தது. போகும்போதும் வரும்போதும் அதைத் தட்டிப் பார்ப்பாள்.

"உள்ளே என்னதான் வெச்சிருக்கே?"

"உன் வேலையப் பாரு, மாசி."

ஒரு கோடையில் மேட்டிலிருந்த பாறை உருண்டு வந்து ஊர் ஊற்றின் வாயை அடைத்துக்கொண்டது. விடிந்ததும் மாசியின் புருஷன் போஜனும் இன்னும் ஏழு பேரும் கடப்பாரையோடு கிளம்பினார்கள். ஊரில் மிச்சமிருந்தது மாசி வீட்டு ஒரு குடம் தண்ணீர்தான்.

"உச்சிவேளைக்கு வருவோம். வயித்துக்கு ஏதாவது போட்டாத்தான் மறுபடி கடப்பாரை தூக்க முடியும். குடிக்கவும் தண்ணி மிச்சம் வை," என்று சொல்லிவிட்டுப் போனான் போஜன்.

சோறு வடிக்கத் தண்ணீர் காணாது. போன வாரம் ஒரு வழிப்போக்கன் கொடுத்துப்போன கோதுமை நூல் கட்டு அவள் நினைவுக்கு வந்தது. இன்று நாம் நூடுல்ஸ் என்கிறோமே, அதுதான். கொஞ்சம் தண்ணீரில் வெந்துவிடும் என்று அவன் சொல்லியிருந்தான். அரைக்குடத்தைக் கொதிக்கவைத்து வேகவிட்டாள். வடித்த தண்ணீரைத் தவித்துக்கொண்டிருந்த பசுவுக்கு ஊற்றினாள். இரும்பு வாணலியில் எண்ணெய் விட்டு, பூண்டும் பச்சைமிளகாயும் வதக்கி, நூலைக் கொட்டினாள்.

நூல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, வாணலியைப் பிடித்துக்கொண்டது.

"காயுதே! தண்ணி ஊத்து மாசி, தண்ணி!" என்று நூல் கத்தியது; அந்தக் காலத்தில் அதற்கும் வாய் இருந்தது.

மாசி குடத்தைத் தூக்கினாள். மிச்சமிருந்தது அரைக்குடம். எட்டுப் பேருடைய தொண்டை அது. குடத்தைக் கீழே வைத்தாள். ஒட்டியிருந்த நூலைச் சுரண்டித் தட்டில் எடுத்துப் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"என்னை அரியேன்," என்றது மூலையிலிருந்த முட்டைக்கோஸ்.

மாசிக்குக் காதை நம்பமுடியவில்லை. "நீயா? இத்தனை நாள் ஏன் மாட்டேன்னே?"

முட்டைக்கோஸ் மெல்லச் சொன்னது: "உள்ளே என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. ஒண்ணுமே இல்லேன்னா ஊரே சிரிக்குமேன்னு பயம். இன்னிக்கு அந்த எட்டுப் பேர் பசியோட வர்றாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, அரி."

மாசி கத்தியை எடுத்தாள். ஒரே வெட்டு. உள்ளே இலை. அதற்குள் இலை. அதற்குள்ளும் இலை. நடுவில் ஒரு வெள்ளைத் தண்டு.

"என்ன இருக்கு?" என்று கேட்டது முட்டைக்கோஸ். குரல் தேய்ந்திருந்தது.

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "இலைதான் இருக்கு," என்றாள்.

"அவ்வளவுதானா?" என்றது அது. அதற்குப் பிறகு பேசவில்லை.

மாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூலைப் போலவே மெல்லிசாக அரிந்தாள். மலைபோல் குவிந்ததை வாணலியில் தள்ளி உப்பைத் தூவிப் புரட்டினாள். 'ஸ்ஸ்' என்று ஆவி எழுந்தது. குவியல் மளமளவென்று இறங்கியது. எட்டிப் பார்த்தவள் திடுக்கிட்டாள். ஒரு சொட்டுகூட ஊற்றாத வாணலியின் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது!

"தண்ணி! உனக்குள்ள இருந்தது தண்ணிடி!" என்று வாணலிக்குள் குனிந்து கத்தினாள். பதிலுக்கு 'ஸ்ஸ்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. அது கேட்டதோ இல்லையோ, அவளுக்குத் தெரியாது.

தட்டிலிருந்த நூலை அதில் போட்டதும் கட்டி இளகி, இழை இழையாகப் பிரிந்தது. மிளகுத்தூள் தூவி இறக்கினாள். உச்சிவேளையில் வந்த எட்டுப் பேரும் வாணலியை வழித்துச் சாப்பிட்டு, அரைக்குடத் தண்ணீரைப் பங்கிட்டுக் குடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் பாறை நகர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அன்று முதல்தான் முட்டைக்கோஸ் பேச்சை விட்டுவிட்டு, சூடான வாணலியில் விழும்போது மட்டும் 'ஸ்ஸ்' என்கிறது. நூடுல்ஸ் கிளறுகிறவர்களும் முதலில் அதைப் போட்டு, அது தண்ணீர் விட்டுச் சுருங்கும்வரை காத்திருக்கிறார்கள்.