நேற்று பத்து மணிக்குக் கொளஞ்சி குளித்துக்கொண்டிருந்தார்

காத்தான்கழி ஆட்களுக்கு மூளை கிடையாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சுத்தப் பொய். அந்த ஊர்ப் படகுக்காரர்கள் மூன்று பேருக்கும் மூளை உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்வதோடு சரி, அதற்கு மேல் அதைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

மூவரில் மூத்தவர் கொளஞ்சி, அடுத்தவர் அய்யாக்கண்ணு, கடைசி தெய்வசிகாமணி. மூவருக்கும் சேர்த்து ஒரே படகு. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழியில், தண்ணீரிலேயே வளர்ந்திருக்கும் சுரபுன்னைக் காட்டுக்குள் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிப்போய்ச் சுற்றிக்காட்டுவது பிழைப்பு. ஒருநாள் படகுத்துறையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வியாழக்கிழமை சுற்றுலா ஆபீசர் வந்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார். பதில் சொன்னால் படகுக்கு ஒரு பேட்ஜ். சொல்லாவிட்டால் படகைக் கரையேற்றிவிட வேண்டியதுதான்.

அன்று கொளஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வயதில் துடுப்பைப் பிடித்தவர். கரையில் அவருக்கு ஒரு வேலையும் தெரியாது, நடக்கும்போதுகூட லேசாக ஆடிக்கொண்டுதான் நடப்பார். எனக்கே பாவமாக இருந்தது.

மூவரும் பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா டீச்சரிடம் போய் நின்றார்கள்.

“கவலைப்படாதீங்கண்ணே. அவரு எல்லா ஊர்லயும் ஒரே கேள்விதான் கேக்குறாராம். நேத்து காலையில பத்து மணிக்கு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தே? அவ்வளவுதான். தினமும் செய்யிற வேலையைச் சொன்னாப் போதும். மாதிரிக்கு ஆளுக்கு ஒரு வாக்கியம் தர்றேன். ஆனா நிஜமா நடந்ததைத்தான் சொல்லணும். பொய் சொன்னா மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாராம்” என்றார் டீச்சர்.

கொளஞ்சிக்குக் கிடைத்தது, “ஐ வாஸ் பேதிங் வென் தி கெஸ்ட் கேம்.” நான் குளித்துக்கொண்டிருந்தபோது விருந்தாளி வந்தார். மற்ற இருவருக்கும் இதே மாதிரிதான். அய்யாக்கண்ணு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பூனை மேஜைமேல் குதித்தது. தெய்வசிகாமணி தூங்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

ராத்திரி பகலாக உருப்போட்டு மூன்றும் மனப்பாடம் ஆகிவிட்டன. அப்புறம்தான் கொளஞ்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“டேய், நிஜமா நடக்கணும்னு சொன்னாங்களே. வியாழக்கிழமை கேக்குறாருன்னா, புதன்கிழமை பத்து மணிக்கு இதெல்லாம் நடந்தாகணும்டா.”

“இட்லி நடக்கும்ணே. பூனைக்கு எங்க போறது?” என்றார் அய்யாக்கண்ணு.

“பூனையை இரவல் வாங்கலாம். என் நிலைமையைப் பாருங்க. சித்திரை மாசத்துல மழைக்கு யார்கிட்ட இரவல் கேக்குறது?” என்றார் தெய்வசிகாமணி.

இதில் நியாயம் இருந்ததால் மூவரும் முதலில் ஒரு குடம் தேடிப் போனார்கள்.

புதன்கிழமை காலை படகுத்துறையில் ஏற்பாடு தடபுடலாக நடந்தது. பூவரச மரத்துக்கடியில் தெய்வசிகாமணி பாய் விரித்துப் படுத்தார். அவர் தலைக்கு நேர்மேலே கிளையில் தண்ணீர்க் குடம் தொங்கியது. அடியில் ஓட்டை போட்டுத் துணியால் அடைத்து, அந்தத் துணியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துவந்து அய்யாக்கண்ணுவின் மேஜைக்காலில் கட்டியிருந்தார்கள். வேளை வந்ததும் அய்யாக்கண்ணு இடது கையால் இழுத்தால் மழை.

கொளஞ்சி ஆறு மணிக்கே குளிக்க உட்கார்ந்துவிட்டார். விருந்தாளி சீக்கிரம் வந்துவிட்டால் என்ன செய்வது? நாலு மணி நேரத்தில் அண்டாவை ஒன்பது தடவை நிரப்பியாயிற்று. கைவிரலெல்லாம் சுருங்கிப்போனது. விருந்தாளியைத்தான் காணோம். அய்யாக்கண்ணு இருபத்தேழாவது இட்லியில் திணறிக்கொண்டிருந்தார். பூனை அவர் காலடியில் சுகமாகத் தூங்கியது. தூங்கவேண்டிய தெய்வசிகாமணியோ, மழை வரும்போது தூங்காமல் இருந்துவிடுவோமோ என்ற பயத்தில் கண்ணைக்கூட மூடவில்லை.

“பூனையைப் பாத்தாவது கொஞ்சம் கத்துக்கோயேன்டா” என்று கொளஞ்சி சோப்பு நுரைக்குள்ளிருந்து கெஞ்சினார்.

பத்தடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது தெய்வசிகாமணி ஒருவழியாகக் குறட்டை விட்டார். அதே சமயம் ஒரு ஜீப் வந்து நின்றது. ஆபீசர்தான். சொல்லாமல்கொள்ளாமல் ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டார்.

“விருந்தாளிடோய்!” என்று கொளஞ்சி போட்ட கூச்சலில் பூனை அலறி மேஜைமேல் குதித்தது. மேஜை கவிழ்ந்தது. கயிறு இழுபட்டது. தெய்வசிகாமணிமேல் மழை கொட்டியது. மூன்றும் ஒரே நேரத்தில் நடந்ததைப் பார்த்துக் கொளஞ்சி ஆனந்தக் கண்ணீர் விட்டார். சோப்பும் கொஞ்சம் கண்ணில் போயிருந்தது.

ஆபீசர் சுற்றுமுற்றும் பார்த்தார். “வாட் ஆர் யூ டூயிங்?” என்றார். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

கொளஞ்சி ஈரக்கையைக் கூப்பினார்.

“ஐயா, இன்னைக்கு நடக்குறதை இன்னைக்கே சொல்ல எங்களுக்குச் சொல்லித்தரலீங்க. நாளைக்கு வந்து கேளுங்க. புட்டுப்புட்டு வைக்கிறோம். எங்க படகை மட்டும் கரையேத்திடாதீங்க.”

நோட்டீஸில் போட்டிருந்ததும் வியாழக்கிழமைதான். ஆபீசர் பல்லைக் கடித்துக்கொண்டு போய், மறுநாள் வந்து கேட்டார். மூவரும் மணிமணியாகச் சொன்னார்கள். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதற்கு அவரே சாட்சி. வேறு வழியில்லாமல் பேட்ஜைக் கொடுத்தார்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. நல்லாப் பேசுறவங்களுக்குத்தான் இந்த பேட்ஜ். பேட்ஜ் குத்தினவங்கதான் துடுப்பைத் தொடணும். வர்றவங்க என்ன கேட்டாலும் பதில் சொல்லிட்டுத்தான் படகை எடுக்கணும்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வெள்ளைக்காரம்மா வந்தார். நாளைக்கு யாராவது கேட்டால் சொல்லவேண்டுமே என்று கொளஞ்சி அன்றும் குளித்துக்கொண்டிருந்தார். போகலாமா என்று அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டார். “டுமாரோ” என்றார் கொளஞ்சி. சனிக்கிழமை வந்தபோது, முந்தின நாள் குளித்துக்கொண்டிருந்ததைப் பிழையில்லாமல் சொன்னார். அந்த அம்மா கைதட்டிவிட்டு, இப்போது போகலாமா என்று கேட்டார். அது அன்றைய கேள்வி. “டுமாரோ.”

இப்படியே ஆறு நாள் போனது. அந்த அம்மாவும் லேசுப்பட்டவரில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குத் தமிழே வந்துவிட்டது. ஏழாம் நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

“நேத்து பத்து மணிக்கு நான் இங்க நின்னுக்கிட்டு இருந்தேன். நீங்க குளிச்சுக்கிட்டு இருந்தீங்க!”

கொளஞ்சி எழுந்து நின்றுவிட்டார். “கேட்டீங்களாடா? நேத்து நடந்ததை அப்படியே சொல்றாங்க. ஒரு வார்த்தை பொய்யில்ல, நானே சாட்சி. பாஸ்!”

தன் துண்டில் குத்தியிருந்த பேட்ஜை எடுத்து அந்த அம்மாவின் தோளில் குத்தினார். பேட்ஜ் இல்லாதவன் துடுப்பைத் தொடக்கூடாதல்லவா? ஆகவே மூவரும் மரியாதையாகப் படகில் ஏறி வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். அந்த அம்மா துடுப்பு போட்டார். பரவாயில்லை, நன்றாகவே போட்டார்.

நடுக்கழியில் கால்வாய் நாலாகப் பிரிந்தது. அந்த அம்மா திரும்பிப் பார்த்து, “அண்ணே, இப்ப எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

கொளஞ்சி கால்மேல் கால் போட்டுச் சாய்ந்துகொண்டார்.

“நாளைக்குக் கேளும்மா, சொல்றேன்.”