மூன்றாவது வரி

அன்று காலை குருவின் முன் வந்து உட்கார்ந்தபோது சௌந்தரவல்லியின் முகம் சிவந்திருந்தது. அவளுக்கு அறுபத்திரண்டு வயது. குரு தையல்நாயகிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மடத்தில் சேர்ந்து மூன்று வருஷமாகியும் சௌந்தரவல்லியின் கோபம் மட்டும் இன்னும் துறவு பூணவில்லை.

"எங்கப்பாவை மன்னிக்கச் சொல்லாதீங்கம்மா. முடியாது."

"நான் சொல்லலையே. என்ன ஆச்சு?"

"ஒரு பழைய சினிமாப் பாட்டு. துணி துவைக்கிறப்போ அம்மா பாடுவா. ரெண்டு வரி பாடியிருப்பா, தெருமுனையில அப்பாவோட சைக்கிள் மணி கேட்கும். வாயை மூடிக்குவா. மூணாவது வரி என்னன்னே தெரியாம வளர்ந்தேன்."

"தேடினீங்களா?"

"தேடாத இடமில்லை. ரேடியோவுக்கு எழுதினேன். பாட்டுப் புத்தகம் விக்கிறவன்கிட்ட போனா, படத்தோட பேரு கேக்கிறான். அது தெரிஞ்சா நான் ஏன் அவன்கிட்ட போறேன்? அம்மாவும் போய்ச் சேர்ந்துட்டா. அந்த மனுஷன் அவ வாயை அடைச்சார், என் காதையும் சேர்த்து அடைச்சுட்டுப் போயிட்டார்."

"பாடுங்க, கேட்போம்."

கரகரத்த குரலில் பாடினாள்.

"காயப்போட்ட சேலைக்கெல்லாம் காத்து வந்தா கொண்டாட்டம்,
கட்டிவச்ச கொடிக்கயிறே நீயும் கொஞ்சம் ஆடாதோ..."

குரு நிமிர்ந்து பார்த்தாள். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க," என்றாள்.

இருந்தார்கள். பின்கட்டில் சமையல்காரி பாக்கியம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தேங்காய் நார் உரசும் சத்தத்துக்கு நடுவே மெல்ல ஒரு குரல் எழுந்தது. அதே மெட்டு. அதே சேலை, அதே கொடிக்கயிறு.

சௌந்தரவல்லி இரண்டாவது வரி முடிவதற்குள் எழுந்து ஓடினாள். இடுப்பில் சாமான் அறைச் சாவிக்கொத்து குலுங்கியது.

பாட்டு நின்றது.

பாக்கியம் எழுந்து நின்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மேல பாடு."

"எனக்கென்னம்மா பாட்டுத் தெரியும்? இதோ, அண்டாவைக் கழுவிட்டேன். நேத்து நீங்க குடுத்த புளியிலயே மிச்சம் இருக்கு, பாருங்க."

"பாடுன்னு சொல்றேன்."

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

குருவிடம் திரும்பி வந்த சௌந்தரவல்லிக்கு மூச்சு வாங்கியது. "என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. மூணு வருஷமா ஒரே கூரைக்கு அடியில இருக்கோம். ஒருநாள்கூட என் காதுல விழலையே. நீங்களும் சொல்லலையே."

"நான் தினமும் கேட்கிறேன். உங்க பாட்டுன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

"இப்ப நான் என்னதான் பண்றது?"

குரு கையை நீட்டினாள்.

"சாவியை இங்க குடுத்துட்டு, போய் அவ பக்கத்துல உட்கார்ந்து பாத்திரம் தேய்ங்க."