வெள்ளை யானையும் விட்டுவைத்த பள்ளமும்

முன்னொரு காலத்தில் மந்தாரபுரி என்றொரு நாட்டைத் துயில்மாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். மேகங்கள் கூரைமேல் இறங்கி இளைப்பாறிவிட்டுப் போகிற ஊர் அது. காற்றுக்குக்கூட அங்கே கொட்டாவி வரும். சட்டம் போடுவதும் கனவை வைத்துத்தான். ராஜா என்ன கனவு கண்டாரோ அதுவே சட்டம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: கனவு முடிந்திருக்க வேண்டும். பாதியில் விட்டது செல்லாது.

ராஜாவுக்கோ கட்டிலில் கண் ஒட்டாது. வெள்ளிக்கிழமை குன்றுக் கோயிலுக்குப் பல்லக்கில் போகும்போதுதான் தூக்கம் சொக்கும். கனவில் தாமரைக் குளத்திலிருந்து ஒரு வெள்ளை யானை, தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி வரும். "ராசா, உன்கிட்ட ஒன்று சொல்லணும்" என்று வாயைத் திறக்கும். அவ்வளவுதான். சந்தை முக்குப் பள்ளத்தில் பல்லக்கு தடாலென்று இறங்கும். யானை போய்விடும். ஏழு வருஷமாய் இதே கதை.

அது லேசுப்பட்ட பள்ளமில்லை. ஆடியில் உள்ளே விழுந்த எருமை ஒன்று, தையில் கன்றோடு ஏறி வந்தது. சாலை அதிகாரி மதங்கராயர் மட்டும் இதையெல்லாம் கண்டதே இல்லை. அடைமழைக் காலத்தில்தான் அவர் மேற்பார்வைக்குக் கிளம்புவார். பள்ளங்களெல்லாம் தண்ணீர் நிரம்பித் தளும்பும். "சாலை கண்ணாடி மாதிரி இருக்கிறது, பிரபு" என்று வந்து சொல்வார்.

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, அவர் மாளிகை வாசலை ஒட்டி ஊர்க் குப்பைமேடு வளர்ந்துகொண்டே போனதுதான். போகிற மேகத்துக்கு அதில் கால் தடுக்கும்.

ஒரு சனிக்கிழமை சபையில் ராயர் எழுந்தார். "பிரபு, யானை சொல்ல வந்தது அடியேனுக்குத் தெரியும். குயவர் தெருவை இடித்துவிட்டு, குப்பையை அங்கே கொட்டச் சொல்கிறது. கனவு முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம்."

ராஜா சலிப்போடு தலையாட்டப் போனார். சபைக் கோடியில் பெருக்கிக்கொண்டிருந்த வேப்பாயிக்குத் துடைப்பம் கையிலேயே நின்றுவிட்டது. குயவர் தெருவில் இருபத்திரண்டு வீடு. மூன்றாவது வீடு அவளுடையது.

"ராசா," என்றாள், "யானை உங்களோடது. அது சொல்ல வேண்டியதை ராயர் எதுக்குச் சொல்லணும்? அதுவே சொல்லட்டுமே."

"பள்ளம் விடமாட்டேன் என்கிறதே, வேப்பாயி."

"பதினஞ்சு நாள் குடுங்க. யானை பேசி முடிக்கிற வரைக்கும் பல்லக்கு குலுங்காது."

ராயர் சிரித்தார். "மலைக்கல்லும் ஏரிமண்ணும் என் முத்திரையில் இருக்கின்றன, அம்மணி. ஒரு கூடை தரமாட்டேன். காற்றை அள்ளிப் போட்டு நிரப்புவாயோ?"

"உங்க வாசல்ல கெடக்குறதை அள்ளிக்கிறேன், சாமி. அதுக்கும் முத்திரை வச்சிருக்கீங்களா?"

சபை வாயைப் பொத்திக்கொண்டது. "கனவு முடியுமுன் நான் விழித்தால் உன் தெரு போகும்" என்றார் ராஜா.

மறுநாளே குயவர் தெரு முழுவதும் குப்பைமேட்டில் ஏறியது. தழையும் தோலும் எருவாக வயலுக்குப் போயின. உடைந்த பானை, ஓட்டுச்சில்லு, செங்கல் துண்டு எல்லாம் தனியே குவிந்தன. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பள்ளம் பள்ளமாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்தார்கள். இடிக்கிற தாளத்தில் ஊரே கண் செருகிக் கிடந்தது. எருமை மட்டும் வந்து, பழைய வீட்டைக் காணாமல் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனது.

பதினைந்தாம் நாள் மேட்டின் கடைசிக் கூடையை அள்ளிய வேப்பாயி, அதற்குப் பின்னால் இருந்ததைப் பார்த்து நிமிர்ந்தாள். அந்தக் கூடையை வேறு பக்கம் கொட்டினாள். ராயர் வாசலில் இருந்த ஒரே ஒரு பள்ளத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள். ராயரும் அதைப் பார்த்தார். 'இந்தப் பள்ளத்திலேயே இவள் தெரு போகும்' என்று மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சந்தை முக்கைப் பல்லக்கு தாண்டியது, ராஜா அசையவில்லை. கோயில் பூசாரி, தூங்குகிற நெற்றியிலேயே திருநீறு பூசி அனுப்பிவைத்தார். திரும்புகிற பாதை வேறு, ராயர் மாளிகை வழியாக. வேப்பாயி பல்லக்கை ஒட்டியே நடந்தாள். கண் ராஜாவின் முகத்தில். மாளிகை தெரிந்தது. அதன் வாசலும் தெரிந்தது. 'சீக்கிரம் பேசு, யானைச்சாமி' என்று முணுமுணுத்தாள்.

பள்ளத்துக்குப் பத்தடி இருக்கும்போது ராஜா தூக்கத்திலேயே சிரித்தார். வேப்பாயிக்கு மூச்சு வந்தது.

தடால்.

ராஜா கண் விழித்தார். வாசலில் காத்திருந்த ராயர் ஓடிவந்தார். "பார்த்தீர்களா பிரபு, ஒரு பள்ளத்தை விட்டுவிட்டாள்."

"கனா முடிஞ்சுதா ராசா?" என்றாள் வேப்பாயி.

"முடிந்தது."

"அப்புறம் உங்களை எழுப்ப ஒரு பள்ளம் வேணுமே. சபை இருக்கு, ராச்சியம் இருக்கு. அதான் எழுந்ததும் பார்க்கிற மாதிரி, நல்ல இடமாப் பார்த்து விட்டுவச்சேன்."

ராஜா பார்த்தார். குப்பைமேடு போன இடத்தில் நீளமாய் ஒரு மதில் நின்றது. ஒவ்வொரு கல்லிலும், அரச சாலைக்கென்று கொத்திய மீன் முத்திரை. ஏழு வருஷமாய்ச் சாலைக்குப் போய்ச் சேராத கல். குப்பை மறைத்ததை ஊரும் பார்த்ததில்லை. நாற்றத்தில் மூக்கைப் பொத்தியே பழகிய ராயருக்கும் அது மறந்தே போயிருந்தது.

"ராயரே," என்றார் ராஜா மெதுவாக, "உங்கள் மதிலுக்குத் தெருவில் நடக்க ஆசையாக இருக்கிறது போல. நீங்களே பிரித்து எடுத்துவந்து பரப்புங்கள். திமிசுக் கட்டையை வேப்பாயியிடம் வாங்கிக்கொள்ளுங்கள். இனி சாலைக்கும் குப்பைக்கும் அவள்தான் அதிகாரி."

"அப்போ எங்க தெரு, ராசா? யானை என்ன சொல்லுச்சு?"

ராஜா கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தார். "தெருவைப் பற்றி ஒன்றுமில்லை. 'ராசா, ஏழு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன். கொஞ்சம் தள்ளிப் படு, எனக்கும் தூக்கம் வருது' என்றது."

முடிந்த கனவு சட்டமல்லவா? ராஜா பல்லக்கில் ஓரமாய்த் தள்ளிப் படுத்தார். அன்றிலிருந்து சாலை வழவழவென்றுதான் இருக்கிறது. பல்லக்குத் தூக்கிகள் மட்டும், வெள்ளிக்கிழமையானால் ஒரு பக்கம் ரொம்பக் கனக்கிறது என்கிறார்கள்.